மதிலோரத்து மெழுகுவத்தி

கேள்வி: அம்மாவுக்கு வயது 81. 1966-இல் பிறந்த தலைச்சன் பிள்ளை, ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் இறந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தராமல் மதிலுக்கு வெளியே புதைத்தார்கள். ‘பிள்ளை மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவே லிம்போவில் இருக்கும், மோட்சம் போகாது’ என்றாராம் உபதேசியார். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் அம்மா அந்த மதிலோரம் மெழுகுவத்தி ஏற்றுவார். போன மாதம் புதிய பங்குத்தந்தை, ‘திருச்சபை இப்போது அப்படிச் சொல்வதில்லை’ என்றார். ‘அப்போ இத்தனை வருசம் நான் அழுதது எதுக்கு?’ என்று கேட்டார் அம்மா. எனக்குப் பூசைக்குப் போகவே மனம் வரவில்லை. அன்று சொன்னது மாறும் என்றால் இன்று சொல்வதை எப்படி நம்புவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, ‘லிம்போ ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டதில்லை’ என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். அவருக்கு அது கோட்பாடாகத்தான் வந்து சேர்ந்தது. ஞானஸ்நானம் பெறாதவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். மதிலுக்கு வெளியே குழி தோண்டியவர்கள் அதன்படிதான் தோண்டினார்கள். அது அம்மாவுக்கு இழைத்த அநியாயம். அப்படிச் சொல்ல விசுவாசிகளான நாம் கூச வேண்டியதில்லை.

லிம்போ வந்த வழியைப் பாருங்கள். ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் சிசுவுக்கும் நரகம்தான், தண்டனை மட்டும் மிக லேசானது என்றார் 5-ஆம் நூற்றாண்டில் புனித அகுஸ்தீனார். பின்னால் வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. வேதனை இல்லாத, ஆனால் கடவுளின் முகம் காணாத ஒரு நிலையைச் சொன்னார்கள். அதுதான் லிம்போ. அங்கே பிள்ளைகள் மகிழ்ச்சியாகவே இருப்பார்கள் என்று 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். ஆக, லிம்போவே ஒரு மாற்றம்தான். இரக்கம் பாதித் தூரம் வந்து நின்றுவிட்ட இடம் அது.

மீதித் தூரத்துக்கு நூற்றாண்டுகள் ஆயின. 1992-இல் வந்த மறைக்கல்வி நூல், ‘சிறு பிள்ளைகளை என்னிடம் வர விடுங்கள்’ என்ற இயேசுவின் சொல்லை நினைவூட்டி, இப்பிள்ளைகளைக் கடவுளின் இரக்கத்திடம் ஒப்படைக்கிறது. 2007-இல் பன்னாட்டு இறையியல் ஆணையம், திருத்தந்தை 16-ஆம் பெனடிக்டின் இசைவோடு, இவர்கள் மீட்படைவார்கள் என்று எதிர்நோக்கக் காரணங்கள் உண்டு என்றது. நிச்சயமாகத் தெரியும் என்று சொல்லவில்லை. அந்தத் தன்னடக்கத்தால்தான் இன்று சொல்வதை என்னால் நம்ப முடிகிறது. அன்று தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் ஒரு தாயிடம் சொன்னார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

இன்னொன்று. மெழுகுவத்தியும் பூசையும் மோட்சம் போகுமுன் பாவக்கடன் தீர்க்கும் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களுக்குத்தான், லிம்போவில் இருக்கிற பிள்ளைக்கு ஜெபித்து ஆவது ஒன்றுமில்லை என்பதுதானே அன்றைய போதனை? அம்மா ஏற்றினாரே! அவரை மீறி அவருக்குள் இருந்த விசுவாசம் அது. திருச்சபை அவருக்குப் பின்னால் நடந்து வந்து அந்த மதிலோரத்தில் சேர்ந்திருக்கிறது. உங்கள் விசுவாசத்தை அம்மாவிடமிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானம் கொடுக்கப் பெற்றோர் எண்ணியிருந்தால், இறந்த பிள்ளைக்கு ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு செய்யலாம் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம். பங்குத்தந்தையிடம் போங்கள். மதிலோரத்தை ஆசீர்வதித்துத் தரக் கேளுங்கள். பிள்ளைக்காக ஒரு பூசையும் கேளுங்கள். பூசைக் கருத்தில் எழுதப் பெயர் வேண்டியிருக்கும். என்ன பெயர் வைக்க நினைத்திருந்தார் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.