ரேடியோ கேலக்ஸிகளின் வடிவத்தை அவை இருக்கும் சூழல் தீர்மானிக்கிறதா?

பெருமளவு தீர்மானிக்கிறது. ஆனால் சூழல் மட்டுமே காரணம் இல்லை. உள்ளே இருக்கும் கருந்துளையின் வலுவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கேலக்ஸியின் நடுவே இருக்கும் ராட்சதக் கருந்துளை எதிரெதிர்த் திசைகளில் இரண்டு தாரைகளைப் பீய்ச்சுகிறது. அந்தத் தாரைகளின் காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள் ரேடியோ அலைகளை உமிழ்கின்றன. 1974இல் வானியலாளர்கள் ஃபனராஃப், ரைலி இருவரும் இப்படிப்பட்ட ரேடியோ கேலக்ஸிகளை இரண்டாகப் பிரித்தார்கள். முதல் வகை நடுவில் பிரகாசமாக இருந்து, போகப் போக மங்கும். இரண்டாம் வகைக்கு நுனிகளில்தான் பிரகாசம். சிக்னஸ் ஏ என்ற கேலக்ஸி அப்படிப்பட்டது.

வளைந்த கேலக்ஸிகளில்தான் சூழலின் கை நன்றாகத் தெரியும். ஆடி மாசம் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் செங்கல் சூளைப் புகையைப் பாருங்கள். மேலே எழும்ப முடியாமல் கிழக்கே படுத்துவிடும். பெர்சியஸ் என்ற கேலக்ஸிக் கொத்தில் உள்ள என்ஜிசி 1265 என்ற கேலக்ஸியின் இரண்டு தாரைகளும் அப்படித்தான் ஒரே பக்கம் மடங்கி, நீண்ட வாலாகக் கிடக்கின்றன. என்ன வித்தியாசம் என்றால், அங்கே சூளையே ஓடுகிறது. கொத்தை நிரப்பியிருக்கும் கோடிக்கணக்கான டிகிரி சூடான வாயுவுக்குள் அந்த கேலக்ஸி விநாடிக்கு 2,000 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்கிறது.

இதை வகுப்பில் சொன்னபோது ஒரு பிளஸ் டூ பையன் மடக்கினான்: "ஒரு கனமீட்டருக்கு ஆயிரம் துகள்தான் இருக்குன்னா, அது எப்படி சார் வளைக்கும்?" அருமையான கேள்வி. பலகையில் போட்டுக் காட்டினேன். எதிர்க்காற்றின் அழுத்தம், அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. அடர்த்தி சொற்பம்தான், ஆனால் வேகத்தின் வர்க்கம் ஈடுகட்டிவிடுகிறது. தாரையோ அந்த வாயுவைவிடவும் லேசானது. இந்தத் தள்ளல் கோடிக்கணக்கான வருடங்கள் விடாமல் நடக்கிறது.

கொத்தின் நடுவில் அநேகமாக அசையாமல் இருக்கும் கேலக்ஸியும் வளைவதுண்டு. 3சி 465 அப்படி, அகன்ற வளைவு. அங்கே வாயுவே அலைபாய்கிறது. கொத்துகள் மோதி இணையும்போது அப்படி ஆகும். அதனால்தான் தொலைதூரத்துக் கொத்துகளைத் தேட, வளைந்த ரேடியோ கேலக்ஸிகளையே அடையாளமாக வைத்துப் பார்க்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த சான்று வேறு. 2000இல் வானியலாளர்கள் கோபால்-கிருஷ்ணாவும் பால் வீட்டாவும், ஒரு பக்கம் முதல் வகை, மறுபக்கம் இரண்டாம் வகை என்றிருக்கும் கலப்பு கேலக்ஸிகளை எடுத்துக் காட்டினார்கள். இரண்டு தாரைகளுக்கும் கருந்துளை ஒன்றே. அப்படியானால் வித்தியாசம் வெளியிலிருந்து வர வேண்டும் என்பது அவர்கள் வாதம். பின்னாளில், இவற்றில் சில நாம் சாய்வாகப் பார்ப்பதால் அப்படித் தெரிகின்றன என்றும் தெரியவந்தது. ஆனாலும் அந்த வாதத்தின் கூர்மை எனக்கு இன்னும் குறையவில்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கும் சென்டாரஸ் ஏ என்ற ரேடியோ கேலக்ஸி இங்கிருந்து வானில் 38 டிகிரி உயரம்வரை ஏறும். மே மாதம் நிலா இல்லாத இரவில், பத்து மணி வாக்கில், உவரிக் கடற்கரையிலிருந்து பைனாகுலரைத் தெற்கே திருப்புங்கள். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்துக்குச் சற்று மேலே மங்கலான திட்டாகத் தெரியும். கண்ணுக்குத் தெரியாத அதன் ரேடியோ மடல்கள், அதாவது தாரைகள் ஊதிப் பெருக்கிய பகுதிகள், மேலும் கீழுமாக 8 டிகிரி விரிந்திருக்கின்றன, முழுநிலவைப் போல் பதினாறு மடங்கு நீளம்.