பத்து வயதுப் பார்ட்டும் நான்கு பெயர் மாவட்டமும்

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூன் தொடரை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, அதில் ஒளித்து வைத்த குறிப்புகளையும் தொடர்ச்சிப் பிழைகளையும் நோட்டில் எழுதி வருகிறான். இதனால் ஏதாவது பயன் உண்டா? (ஒரு தகப்பன், காட்பாடி)

பதில்: பயனை விடுங்கள், 'தொடர்ச்சிப் பிழை' என்று எழுதினீர்களே, அதற்கு வருகிறேன். அந்தத் தொடர் அமெரிக்காவில் 1989 டிசம்பரில் தொடங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில்தான் நம் வட ஆர்க்காடு மாவட்டத்தை இரண்டாகப் பிரித்தார்கள். அன்று 10 வயதாக இருந்த அத்தொடரின் சிறுவன் பார்ட் இன்றும் 10 வயதிலேயே நிற்கிறான். நாமோ வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் மாவட்டமாகி, 2019-இல் இராணிப்பேட்டையையும் திருப்பத்தூரையும் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டோம். வாலாஜாபேட்டையில் திண்ணையை விட்டு நகராத என் பெரியம்மா, இருந்த இடத்திலேயே நான்கு பெயர் கொண்ட மாவட்டங்களில் வாழ்ந்து முடித்திருக்கிறார். கார்ட்டூனில் இப்படி நடந்திருந்தால் உங்கள் மகனுக்கு இன்னொரு நோட்டு வாங்கித் தர வேண்டியிருக்கும்.

பார்ட்டின் பெற்றோர் 1974-இல் பள்ளி மாணவர்களாக இருந்ததாக 1991-இல் காட்டிய தொடர், 2008-இல் அவர்களுடைய இளமையை 1990-களுக்கு நகர்த்தியது. இதைப் பிழைப் பட்டியலில் சேர்ப்பது நியாயமன்று. பிள்ளைக்கு வயது ஏறாவிட்டால் பெற்றோரின் கல்யாணம் பின்னால் வந்துகொண்டேதான் இருக்கும். பார்ட்டின் அப்பா ஹோமரின் தலைமுடியும் காதும், தொடரை உருவாக்கிய மாட் கிரோனிங்கின் பெயரிலுள்ள எம், ஜி எழுத்துகளாக வரையப்பட்டவை என்பது போன்ற சில்லறைகளையும் கடந்துவிடலாம்.

கடக்கக் கூடாதது ஒன்று உண்டு. இவ்விதழின் ஒவ்வொரு அச்சுப்பிழையையும் சிவப்பு மையால் வட்டமிட்டு, தபால் செலவையும் தாமே ஏற்று எனக்கு அனுப்பிவைக்கும் குடியாத்தத்து அன்பரும் இதைப் படிக்க வேண்டும். இரண்டுக்கு மேற்பட்ட எந்த அடுக்கிலும், இரண்டு இயல் எண்களின் அடுக்குகளைக் கூட்டி இன்னொரு இயல் எண்ணின் அதே அடுக்கைப் பெற முடியாது என்பது ஃபெர்மாவின் கடைசித் தேற்றம். அதற்கான நிரூபணம் 1995-இல் அச்சேறியது. அதே ஆண்டு இறுதியில் வந்த ஒரு பகுதியில், ஹோமருக்குப் பின்னால், 1782-இன் பன்னிரண்டாம் அடுக்கையும் 1841-இன் பன்னிரண்டாம் அடுக்கையும் கூட்டினால் 1922-இன் பன்னிரண்டாம் அடுக்கு வரும் என்று ஒரு சமன்பாடு மிதந்து போகிறது. அது சரியென்றால் தேற்றமே பொய். சாதாரண கால்குலேட்டரில் போட்டால் சரியென்றே காட்டும், ஏனென்றால் முதல் ஒன்பது இலக்கங்கள் வரை வேறுபாடே இல்லை; இப்படிப்பட்ட எண்களைத் தேடுவதற்கென்றே எழுத்தாளர் டேவிட் கோஹன் ஒரு கணினி நிரல் எழுதினார். ஆனால் இரட்டைப்படையோடு ஒற்றைப்படையைக் கூட்டினால் இரட்டைப்படை வராது என்று நம் ஊர் ஆறாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும்.

1998-இல் ஹோமரின் கரும்பலகையில் வந்த சமன்பாடு இதைவிடக் கெட்டி: 3987, 4365, விடையாக 4472, அடுக்கு அதே பன்னிரண்டு. ஒற்றை இரட்டைச் சோதனையில் இது மாட்டாது. எனினும் முதல் இரண்டு எண்களும் மூன்றால் வகுபடும், மூன்றாவது வகுபடாது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தாலே குட்டு உடைந்துவிடும். இவ்வளவு பாடுபட்டுச் செய்த பொய்யைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிழை என்றால், 'நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்' என்று வேலூரைப் பற்றி இன்னமும் ஒப்பிக்கிறார்களே, அதுதான். சத்துவாச்சாரியில் இருந்த ஜலகண்டேசுவரர் 1981-லேயே கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அதன் பிறகும் அந்த வரியைத் திருத்தாமல் பட்டிமன்ற மேடைகளில் முழங்குகிறவர்களை நான் இப்பக்கத்தில் மூன்று முறை கண்டித்தாயிற்று, இது நான்காவது.

உங்கள் மகனை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். அச்சுக்குப் போகுமுன் பக்கங்களை அவன் ஒருமுறை பார்த்துக் கொடுத்தால், குடியாத்தத்துச் சிவப்பு மை கொஞ்சம் மிச்சமாகும்.