கம்பத்தை எண்ணுகிறேன்

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த நாடுகளின் தலைவர்கள் தங்களை ஐரோப்பியர் என்கிறார்களா, அல்லது போலந்துக்காரர், செக் நாட்டவர் என்றா?
– வாசகி ஒருவர், கும்பகோணம்

பதில்: கேட்கும் ஆளைப் பொறுத்தது. ஊரில் ஒரு பேச்சு, ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் ஒரு பேச்சு. அவர்களுடைய பேட்டி டி.வி.யில் வந்தால் நான் ஒலியை நிறுத்திவிட்டு, முதுகுக்குப் பின்னால் என்னென்ன கொடி நிற்கிறது என்று எண்ணுவேன். போலிஷ் தெரியாதவனுக்கு வேறு என்ன வழி?

2015 நவம்பரில் போலந்துப் பிரதமரான பியாட்டா ஷிட்வோவின் பேட்டிகளில் ஒன்றியத்தின் நீலக் கொடியைக் காணோம். வெள்ளையும் சிவப்புமான போலந்துக் கொடிகள் மட்டும் வரிசையாக நின்றன. அதே அம்மையார் 2019-இல் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் நின்று, ஐந்து லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கி, அந்த நீலக் கொடி பறக்கும் கட்டடத்துக்கே போய் உட்கார்ந்தார். இரட்டை வேடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2003 வாக்கெடுப்பில் 77 சதவீதம் பேர் சேரலாம் என்று சொன்ன நாடு அது. அங்கே ஒன்றியத்தை விட்டு விலகுவோம் என்றால் வாக்கு விழாது; பிரஸ்ஸல்ஸுக்குத் தலையாட்டுகிறவர் என்ற பெயர் வந்தாலும் விழாது. கொடியை எடுத்துவிடுவதில் செலவு ஒன்றும் இல்லையே!

செக் நாட்டு வாட்ஸ்லாவ் கிளாவுஸ் இன்னும் அழுத்தக்காரர். 1996-இல் பிரதமராக இருந்து ஒன்றியத்தில் சேர விண்ணப்பம் கொடுத்தவரே அவர்தான். பிறகு அதிபரானார், 2004-இல் நாடும் சேர்ந்தது. ஆனால், பதவியில் இருந்தவரை அதிபர் மாளிகையான பிராக் கோட்டையில் ஒன்றியக் கொடியை ஏற்றவிடவில்லை. 2013-இல் அடுத்து வந்த ஜெமான், ஐரோப்பிய ஆணையத் தலைவர் பரோசோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஏற்றினார்.

ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்டில், நாடாளுமன்ற முகப்பிலிருந்து 2014-இல் ஒன்றியக் கொடி இறங்கியது. ருமேனியாவில் வாழும் செக்கெய் ஹங்கேரியர்களின் கொடி அங்கே பறந்தது. அதுவும் நீலமும் பொன்னிறமும்தான். தூரத்திலிருந்து பார்த்தால் நானே ஏமாந்திருப்பேன்.

கேள்வி: நாடுகள் 27, கொடியில் நட்சத்திரம் 12. கணக்கு உதைக்கிறதே?
– வாசகர், காரைக்குடி

பதில்: அது நாடுகளின் கணக்கே அல்ல. 1955-இல் ஐரோப்பிய அவை என்ற வேறொரு அமைப்பு ஏற்றுக்கொண்ட கொடி அது. முதலில் உறுப்பினருக்கு ஒன்றாக 15 நட்சத்திரம் என்றார்கள். அப்போது பிரான்சின் பிடியில் இருந்த ‘சார்’ (Saar) என்ற ஜெர்மன் எல்லைப் பகுதிக்கும் ஒன்று கொடுத்தால் அது தனி நாடு என்றாகிவிடும் என்று மேற்கு ஜெர்மனி மறுத்துவிட்டது. 12 என்றால் யாரும் உரிமை கொண்டாட முடியாது. இன்றைய ஒன்றியத்தின் முன்னோடி 1985-இல்தான் அதை இரவல் வாங்கிக்கொண்டது.