வாசகர் கேள்வி–பதில்: ஏற்றத்தை ரோப் கார் பார்த்துக்கொள்ளும், இறக்கத்தை யார் பார்ப்பது?

இத்தாலியின் வடக்கே, டோலமைட்ஸ் மலைத்தொடரில் இருக்கும் வால் கார்டேனா பள்ளத்தாக்கில் மவுண்டன் பைக் ஓட்டப் போகும் சென்னை வாசகர்களின் கேள்விகள் இவை. ஏறக்குறைய எல்லோருமே ஏற்றத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். அங்கே ஆளைச் சோதிப்பது இறக்கம்.

ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை போய்த் திரும்பும் அளவுக்குப் பழக்கம் இருக்கிறது. செல்லரோண்டா சுற்றை ஒரே நாளில் முடிக்க முடியுமா? அந்த உயரத்தில் மூச்சு வாங்குமா?
– வேளச்சேரி வாசகர்

முடியும், லிஃப்டில் ஏறுவதாக இருந்தால். செல்லா என்ற பாறைமலையைச் சுற்றி வரும் சுமார் 60 கி.மீ. பாதை அது. கார்டேனா (2121 மீ), கம்போலோங்கோ (1875 மீ), போர்டோய் (2239 மீ), செல்லா என்று நான்கு கணவாய்கள். பழனி ரோப் காரைப் பெரிதாக்கியது போன்ற கேபின்களும் நாற்காலி லிஃப்டுகளும் ஆளையும் சைக்கிளையும் மேலே கொண்டுபோய் விடும். இதே மலையைச் சுற்றி நடக்கும் ‘ஹீரோ’ என்ற மவுண்டன் பைக் போட்டியில் லிஃப்ட் கிடையாது. அதன் நீண்ட பாதை 86 கி.மீ., மொத்த ஏற்றம் 4500 மீட்டர். அதைப் பார்த்து நீங்கள் கலங்க வேண்டாம்.

முதல் முறை கடிகாரச் சுற்றில் போங்கள். செல்வா ஊரிலிருந்து டான்டெர்செபியெஸ் கேபினில் ஏறி, மறுபக்கம் கோல்ஃபோஸ்கோ வழியாக கோர்வாராவுக்கு இறக்கம். அங்கிருந்து போயே கேபின், கம்போலோங்கோ, அராபா, போர்டோய், பிறகு கனாட்சேய். பக்கத்து ஊரான காம்பிடெல்லோவில் கோல் ரொடெல்லா கேபிள் காரைப் பிடித்தால் செல்லா கணவாய்க்கு மேலே போய்விடலாம். அங்கிருந்து பாறைகள் சிதறிக் கிடக்கும் ‘கல் நகரம்’ வழியாக மறுபடி செல்வா.

திட்டம் பெரும்பாலும் கெடுவது அந்தக் கடைசி லிஃப்டில்தான். லிஃப்டுகள் மாலை 5 மணியை ஒட்டி நிற்கத் தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் நேரம் வேறு. தவறவிட்டால் கனாட்சேயிலிருந்து தார்ச்சாலையில் சுமார் 12 கி.மீ., 750 மீட்டர் ஏற்றம். முன்னால் 32 பல், பின்னால் 51 பல் கியர் போட்டு நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு 5 கி.மீ.தான். களைத்த காலோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால் காலையில் முதல் லிஃப்டிலேயே ஏறுங்கள். மதியம் ஒரு மணிக்குள் அராபாவைத் தாண்டாவிட்டால் வேகத்தைக் கூட்டப் பார்க்காதீர்கள், வழியில் சாப்பாட்டு நேரத்தைக் குறையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். மின்னல் வந்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

உயரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். ஊட்டி 2240 மீட்டரில் இருக்கிறது, கணவாய்களும் அந்த அளவுதான். ஆனால் கடல் மட்டத்திலிருந்து நேரே போவதால் முதல் இரண்டு நாள் நெஞ்சு சீக்கிரம் படபடக்கும். செல்லரோண்டாவை மூன்றாம் நாளுக்கு வையுங்கள்.

ஏலகிரியில் இறங்கும்போது பாதி வழியில் பின் பிரேக் லீவர் ஹேண்டில்பாரைத் தொட்டுவிட்டது. கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்த பிறகு சரியானது. ஆல்ப்ஸில் இப்படி நடந்தால்? எப்படித் தயாராவது?
– குரோம்பேட்டை வாசகர்

நல்ல வேளை, ஏலகிரியிலேயே தெரிந்துகொண்டீர்கள். லீவர் முழுக்க உள்ளே போனது, ஆறியதும் திரும்பியது என்றால் பிரேக் திரவம் இருக்கும் ஹோஸுக்குள் (குழாய்) ஆவி உண்டாகியிருக்கிறது. ஆவி அமுங்கும், திரவம் அமுங்காது. லீவர் கல் மாதிரி இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால் அது பேட் (சக்கரத்தின் தட்டைக் கவ்வும் பட்டை) சூடாகிப் பிடிப்பு இழந்த கோளாறு. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பேடை மாற்றிவிட்டு அதே தவறோடு மறுபடி மலை ஏறுவீர்கள்.

வெப்பம் எவ்வளவு என்று பாருங்கள். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 90 கிலோ, 700 மீட்டர் இறக்கம் என்றால் சுமார் 6 லட்சம் ஜூல். நம்மூர்க் குழாயில் வரும் 30 டிகிரித் தண்ணீர் இரண்டு லிட்டரைக் கொதிக்கவைக்க அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மெதுவாக இறங்குபவருக்குக் காற்று உதவாது, மிச்சமெல்லாம் இரும்புத் தட்டு (ரோட்டர்) இரண்டில் இறங்கும்.

உங்கள் பிரேக்கில் டாட் திரவமா மினரல் ஆயிலா என்று முதலில் பாருங்கள், லீவர் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் திரவம் ஈரத்தை உறிஞ்சும். டாட் 5.1 புதிதாக இருக்கும்போது கொதிக்காமல் குறைந்தது 260 டிகிரி தாங்க வேண்டும், ஈரம் ஏறினால் அந்த வரம்பு 180க்கு இறங்கிவிடும். சென்னைப் புழுக்கத்தில் வருடம் ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் உள்ளே புகுந்த தண்ணீர் அடியில், சூடு அதிகமான காலிப்பரிலேயே (பேடைப் பிடித்திருக்கும் பாகம்) தங்கி 100 டிகிரியில் கொதித்துவிடும். அதற்கும் வருடம் ஒருமுறை பிளீடிங் (பழையதை வெளியேற்றிப் புதிது நிரப்புவது) செய்யுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றிவிடாதீர்கள், ரப்பர் சீல் கெட்டு ஒழுக ஆரம்பிக்கும்.

பேடைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடி மாதிரி மினுங்கினால் 120 நம்பர் உப்புத்தாளில் மேல்தோல் போகும்வரை தேய்க்கலாம். எண்ணெய் பட்டிருந்தால் தேய்த்துப் பயனில்லை, தூக்கிப் போடுங்கள். நீண்ட இறக்கத்துக்கு ரெசின் பேடைவிட மெட்டல் பேட் சூட்டைத் தாங்கும். ஆனால் ரோட்டரில் ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொறித்திருந்தால் மெட்டல் போடக்கூடாது, ரோட்டரை அரித்துவிடும். புதுப் பேட் போட்டதும் சமதளத்தில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு 15, 20 தடவை அழுத்திப் பழக்குங்கள்.

சாமான் சரியாக இருந்தும் பழக்கம் கெடுத்துவிடும். சமதளத்தில் ஓட்டியவர்கள் இறக்கம் முழுக்க பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவார்கள். தட்டுக்கு ஆற நேரமே கிடைக்காது, இருபது நிமிடத்தில் முன்கையும் மரத்துவிடும். நேர்ப்பகுதியில் விடுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, ஆள்காட்டி விரல் ஒன்றால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். வளைவுக்குள் விட்டுவிடுங்கள். பெடல் இரண்டும் ஒரே மட்டத்தில், இருக்கையிலிருந்து எழுந்து, முட்டி மடங்கி இருக்க வேண்டும்.

இதைச் சென்னையிலேயே பழகலாம். மைதானத்தில் நான்கு மீட்டர் இடைவெளியில் இரண்டு செருப்பை வைத்து, கால் ஊன்றாமல் ‘யு’ திருப்பம் போடுங்கள், இரண்டு பக்கமும். அது கைவந்த பிறகு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் திரும்பப் போங்கள்.

சொந்த சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா?
– பெரம்பூர் வாசகர்

ஒரு வாரப் பயணம் என்றால் வாடகைதான். இ-பைக் என்றால் கேள்வியே இல்லை, 160 வாட்-அவருக்கு மேற்பட்ட பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

வாடகைக் கடையில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நம்மூரில் முன் பிரேக் வழக்கமாக வலது கையில், பைக், ஸ்கூட்டரிலும் அப்படித்தான். அங்கே கிடைக்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் முன் பிரேக் இடது கையில். பதற்றத்தில் பழகிய கைதான் முந்தும். பின்சக்கரம் என்று நினைத்து இடது லீவரைக் கவ்வினால் ஹேண்டில்பாருக்கு மேல் பறப்பீர்கள். கடை வாசலிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒவ்வொரு லீவராக அழுத்திப் பாருங்கள். மாற்றித் தரச் சொன்னால் தருவார்களா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். முன்னால் 203 மி.மீ. ரோட்டர் உள்ள வண்டியாகப் பாருங்கள், பேடின் தடிமனையும் காட்டச் சொல்லுங்கள். 70 கிலோ ஆளுக்கு டியூப்லெஸ் டயரில் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் தொடங்கலாம்.

கணவர் செல்லரோண்டா போகட்டும். எனக்கும் பதினொரு வயது மகளுக்கும் நிதானமான பாதை வேண்டும். நாங்கள் சைவம்.
– அண்ணா நகர் வாசகி

உங்களுக்கு அருமையான பாதை இருக்கிறது. முதல் உலகப்போரில் ஆஸ்திரியர்கள் 1915–16ல் இங்கே ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். 1960ல் ரயில் நின்றது. ஓர்டிசேய், சாந்தா கிறிஸ்டினா, செல்வா ஊர்களுக்கு நடுவே அந்தத் தடம் இப்போது நடைபாதை. ரயிலுக்காகப் போட்டதால் ஏற்றம் மென்மையானது. நடப்பவர்கள் நிறைய, மணி அடித்து மெதுவாகக் கடக்கவும். அது பழகிய பிறகு மோன்டே பானாவிலிருந்து (1636 மீ) சால்ட்ரியாவுக்குக் காட்டு வழியாகப் போகும் சரளைச் சாலை. அதற்கு அப்பால் அல்பே டி சியூசி புல்வெளி, சுமார் 56 சதுர கி.மீ. விரிந்து கிடக்கும்.

மலை உணவகங்களில் கீரை க்னோடல் கிடைக்கும், ரொட்டியில் செய்த கொழுக்கட்டை போன்றது. அதில் முட்டை உண்டு. ‘ஸ்பெக்’ என்று இருந்தால் பன்றி இறைச்சி. சூப் இறைச்சிச் சாறில் செய்ததா என்று கேட்டுவிடுங்கள்.

வழிப்பலகைகளில் எஸ்1, எஸ்2 என்று போட்டிருப்பது என்ன? இன்ஷூரன்ஸ் எது எடுப்பது?
– மடிப்பாக்கம் வாசகர்

எஸ்0 முதல் எஸ்5 வரை ஒற்றையடித் தடத்தின் கடினம். எஸ்1ல் சின்ன வேர், கல். எஸ்2ல் படிகளும் இறுக்கமான வளைவுகளும் வரும். எஸ்3 உங்களுக்கு வேண்டாம். ஊர்ப்பெயர்கள் இத்தாலியம், ஜெர்மன், உள்ளூர் மொழியான லடின் மூன்றிலும் இருக்கும். செல்வாவும் வொல்கென்ஸ்டைனும் ஒரே ஊர், ஓர்டிசேயும் சாங்க்ட் உல்ரிச்சும் ஒரே ஊர். இது தெரியாமல் வழி தவறுபவர்கள் உண்டு.

ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பாலிசியின் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். ‘சாகச விளையாட்டு’ என்ற பெயரில் மவுண்டன் பைக்கை விலக்கியிருந்தால் ஹெலிகாப்டர் மீட்புச் செலவு உங்கள் தலையில் விழும். மவுண்டன் பைக், மலை மீட்பு இரண்டும் அடங்கும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அவசர எண் 112. தடத்தின் எண்ணைச் சொன்னால் வருபவர்களுக்கு இடம் தெரியும், அதனால் ஒவ்வொரு பலகையையும் கடக்கும்போது கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டே போங்கள்.