வலை இழுக்கிறவரின் பெயர் என்ன?

அன்புள்ள ரீச்சருக்கு,

திருகோணமலையில் ஒரு அரச அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முதல் பாவித்த கனன் 1300டி கமரா ஒன்று வாங்கினேன். ஞாயிறும் போயா நாளும் விடியப்புறம் ஸ்கூட்டியில் புறப்படுவேன். உப்புவெளிக் கடற்கரை, கோட்டை மான்கள், கோணேசர் கோவில் மலை, கன்னியா, சில நாள் பாலம் கடந்து கிண்ணியா. ஒரு நாளுக்கு ஒரு படம் என்று வருடம் முழுக்க எடுக்கத் தொடங்கிப் பங்குனியோடு விட்டுவிட்டேன். பிறகு பழைய வீட்டுக் கதவுகள் என்று ஒரு தொடர், அதுவும் பாதியில் நிற்கிறது. போட்டிகளுக்கு அனுப்பியதில் ஒன்றும் தேறவில்லை. "இதை நான் போனிலேயே எடுப்பன்" என்று ஒரு சிநேகிதி சொன்னாள். ஆட்களை எடுக்கத்தான் விருப்பம். கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்பதால் 250 எம்எம் லென்ஸோடு தூரத்தில் நின்று எடுக்கிறேன். கரையில் நின்று வலை இழுக்கிறவர்களை எடுத்த, எனக்குப் பிடித்த கரைவலைப் படம் ஒன்றை இணைத்திருக்கிறேன். கூடச் சில கதவுகள். கடைசிப் படம் பழுது, கிண்ணியாப் பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஐயா திடீரென்று திரும்பிப் பார்த்துவிட்டார். பெரிய சென்சர் உள்ள ஃபுல் ஃப்ரேம் கமராவுக்கு மாறினால் முன்னேற்றம் வருமா? அல்லது எனக்குத் திறமையே இல்லையா? வேலைக்கும் வீட்டுக்கும் சமையலுக்கும் நடுவில் இதைத் தொடர்வதில் அர்த்தம் உண்டா?

(பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

உம்முடைய கடிதம் வந்த கிழமை எங்கள் ஒழுங்கையில் ஒரு செத்தவீடு. எண்பது தாண்டிய மனுசி. கண்ணீர் அஞ்சலி அடிக்கப் படம் வேண்டும் என்று பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் தங்கள் போன்களைத் துழாவினார்கள். ஆயிரக்கணக்கில் படம் இருந்தது. கேக், தேர், கடல், பூனை. அந்த மனுசி நேரே பார்த்தபடி தனியாக இருக்கிற படம் ஒன்றுகூட இல்லை. கடைசியில் ஒரு கலியாண வீட்டில் பந்தி பரிமாறிக்கொண்டு நின்ற படத்திலிருந்து அவவை வெட்டி எடுத்தார்கள். அதையே நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நீர் அனுப்பிய கரைவலைப் படத்தைத் திறந்தேன்.

கமராக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். மாறவேண்டாம். உம்மிடம் இருக்கிற கமராவுக்கு 18 மெகாபிக்சல், உம்முடைய தேவைக்கு அது தாராளம். காசு சேர்ந்தால் பாவித்த 50 எம்எம் லென்ஸ் ஒன்று பாரும். உம்முடைய கமராவின் சிறிய சென்சரில் அது 80 எம்எம் அளவுக்குப் பார்க்கும், ஒரு ஆளோடு கதைக்கிற தூரத்தில் நின்று முகம் எடுக்கலாம். சிநேகிதி சொன்னதை விடும். போட்டியையும் விடும். நாளுக்கொரு படம் பங்குனியில் நின்றதற்கு வருந்தவே வேண்டாம். பகல் முழுக்க அலுவலகத்தில் பதிவேடு நிரப்புகிற பிள்ளைக்கு வீட்டிலும் ஒரு பதிவேடு எதற்கு?

கதவுத் தொடர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. ஒரு கதவிலும் ஆளில்லை. அந்த வீடுகளில் இன்னும் சனம் இருக்கிறது, பிள்ளை. தட்டியிருந்தால் தேத்தண்ணி தந்திருப்பார்கள்.

இனிக் கரைவலை. செம்மஞ்சள் வானம், தண்ணீரில் பொன்னாக ஒரு கோடு, கயிற்றைப் பிடித்தபடி வரிசையாகக் கறுப்பு உருவங்கள். அழகில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இதே படத்தை விடுதிச் சுவர்களில், கலண்டர்களில், சுற்றுலாக்காரரின் பக்கங்களில் பார்த்துப் பார்த்துக் களைத்துவிட்டேன். அந்த உருவங்களில் ஒருவருடைய தாய் வந்து பார்த்தால்கூடத் தன் பிள்ளை எவன் என்று சொல்லமாட்டா.

அவர்கள் ஏன் கறுத்தார்கள் என்று யோசித்தீரா? எங்கள் கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது. நீர் அவர்களுக்குப் பின்னால், கரைப்பக்கம் நின்றிருக்கிறீர். கமரா அந்தப் பெரிய வானத்தின் வெளிச்சத்தை அளந்து, வானம் வெளிறாமல் காப்பாற்றுவதற்காக ஆட்களை இருட்டுக்குள் தள்ளியது. ஆனால் வலை இழுக்கிறவர் எந்தப் பக்கம் பார்க்கிறார்? பெரும்பாலும் கடலைப் பார்த்தபடி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னால் அடிவைத்து அடிவைத்துத்தான் இழுப்பார். அந்த நேரத்து வெளிச்சம் முழுவதும் அவருடைய முகத்தில் விழுகிறது. விடிந்த கையோடு உப்புவெளியில் விழுகிற அந்த வெளிச்சத்தை எந்த ஸ்ரூடியோ விளக்காலும் தரமுடியாது. நரைத்த தாடி, உப்புப் பூத்த புருவம், பல்லைக் கடித்து இழுக்கிற வாய், எல்லாம் அங்கே துலங்கிக்கொண்டு நிற்க, நீர் முதுகை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறீர்.

அடுத்த முறை செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் தண்ணீரில் இறங்கும். கடலுக்கு முதுகு காட்டி நில்லும். இரண்டு கயிற்றுக்கும் இடையில் போகவேண்டாம், கயிறு இழுபடும்போது காலை வாரிவிடும். கரையில் நின்றுதான் எடுக்கமுடியும் என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கமரா எடுக்கிற வெளிச்சத்தை, ஒரு ஸ்டொப், ஒன்றரை ஸ்டொப் கூட்டும் (ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). வானம் வெளிறும். வெளிறட்டும், அது நாளைக்கும் அங்கேதான் இருக்கும்.

இன்னும் சொல்லவேண்டும், பொறுமையாகக் கேளும். கரைவலை என்பது ஒரு நொடியில் நடக்கிற காட்சி இல்லை. கயிற்றின் ஒரு முனை கரையில் நிற்க, வள்ளம் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு மற்ற முனையைக் கொண்டுவந்து தரும். இரண்டு பக்கமும் இழுக்க இழுக்க இரண்டு கூட்டமும் நெருங்கி நெருங்கி வந்து, கடைசியில் மீன் சேர்கிற பை, அதுதான் மடி, கரையேறும். மணித்தியாலக் கணக்கான வேலை. அவ்வளவு நேரமும் அங்கே நின்ற நீர் ஒருவருடைய பெயராவது கேட்டீரா? யார் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, யார் பங்குக்கு இழுக்கிறவர், யார் நாட்கூலிக்கு வந்தவர், யார் நீர்கொழும்பிலிருந்தோ சிலாபத்திலிருந்தோ வந்து கரையில் குடிசை, அதுதான் வாடி, போட்டவர், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கயிறு பிடிக்கிற பொடியன் ஒருவன் அதற்குள் நிற்கிறானா? முந்தி இழுவைக்கு அம்பாப் பாட்டுக் கேட்கும். பிறகு பல கரைகளில் உழவு இயந்திரத்தில் கயிறு சுற்றுகிற வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள், கை குறைந்தது. நாளைக்கு ஒருவர், "இதைக் கையால் இழுத்த ஆட்கள் யார்?" என்று கேட்டால் உம்முடைய படம் என்ன பதில் சொல்லும்?

"கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும்" என்று எழுதியிருக்கிறீர். இந்த வரியை வாசித்ததும் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன். பிள்ளை, அது கூச்சம். கூச்சத்துக்குக் கொள்கை என்று பெயர் வைக்கக்கூடாது. ஒரு பெண்பிள்ளை விடியப்புறம் கமராவோடு தனியாகக் கடற்கரையில் நிற்பது இந்த ஊரில் லேசான காரியமில்லை என்று எனக்குத் தெரியும். நாலு பேர் பார்ப்பார்கள், ஒருவன் ஏதாவது சொல்லுவான். பயத்தில்தான் தூர நின்றேன் என்று எழுதியிருந்தால் உம்மைக் கட்டிப்பிடித்திருப்பேன். தம்பியையோ சிநேகிதியையோ கூட்டிக்கொண்டு போம். ஆனால் தூரத்தில் நின்று திருடுவதுதான் கலை என்று உம்மையே நம்பவைக்கவேண்டாம்.

ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பிரித்தானியப் புகைப்படக் கலைஞரைப் பற்றி வாசித்திருக்கிறீரா? 1863 இல், 48 வயதில், மகள் பரிசாகத் தந்த கமராவோடு தொடங்கியவர். வீடும் பிள்ளைகளும் விருந்தாளிகளும் அவருக்கும் இருந்தார்கள், கோழிக்கூட்டைத்தான் ஸ்ரூடியோவாக மாற்றினார். படம் தெளிவில்லை, வேலை சுத்தமில்லை என்று அந்தக் காலப் புகைப்பட விமர்சகர்கள் ஏசினார்கள். அது கண்ணாடித் தட்டில் மருந்து பூசி ஈரம் காயமுன் எடுக்கிற முறை, எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்கவேண்டும். கேட்காமல் ஒரு முகத்தைக்கூட எடுக்க வழியில்லை. அப்படியிருந்தும் வானியலாளர் ஹேர்ஷலின் முகத்தையும் டார்வினின் முகத்தையும் பாரும், உயிர் போயிருக்கிறதா என்று.

அவர் 1875 இல் கணவரோடு இலங்கைக்கு வந்தார். 1879 இல் மலைநாட்டில் இறந்தார், பொகவந்தலாவையில் அடக்கம். இங்கேயும் படம் எடுத்தார், தோட்டத் தொழிலாளரையும் களுத்துறைச் சனத்தையும். என் மனம் ஆறாத இடம் இதுதான். இங்கிலாந்தில் எடுத்த வேலைக்காரப் பிள்ளை மேரி ஹில்லியரின் பெயர் இன்றைக்கும் எங்களுக்குத் தெரியும். இங்கே எடுத்தவர்களோ "களுத்துறைக் குடியானவர் கூட்டம்" என்ற மாதிரித் தலைப்புக்குக் கீழே, பெரும்பாலும் பெயரில்லாமல் நிற்கிறார்கள். அவர் கடல் கடந்து வந்தவர், இந்தச் சனத்தின் மொழி தெரியாதவர். உமக்கு அந்தச் சாட்டு இல்லை. "ஐயா, உங்கட பேர் என்ன?" என்று கேட்க உமக்கு ஒரு நிமிடம் போதும்.

நான் ஏன் பெயரிலும் முகத்திலும் இப்படிப் பிடிவாதமாக நிற்கிறேன் என்று சொல்லுகிறேன். 90களின் தொடக்கத்தில், நான் படிப்பித்த பொடியன் ஒருவன் வெளியில் போனவன் திரும்பி வரவில்லை. கொஞ்சக் காலம் கழித்துத் தாய் என்னிடம் வந்தா. இடம்பெயர்ந்தபோது றங்குப்பெட்டி வீட்டோடு போய்விட்டது, அதற்குள்தான் படமெல்லாம். பள்ளிக்கூடத்தில் அவனுடைய படம் ஏதாவது இருக்குமா என்று கேட்டா. வகுப்புப் படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் அவன் மூன்றாம் வரிசை. முன்னால் நின்ற உயரமான பொடியனின் தலை அவனுடைய முகத்தில் பாதியை மறைத்திருந்தது.

அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் நகரத்தில் ஒரு ஸ்ரூடியோவுக்குப் போனோம். அந்தக் காலத்தில் ஸ்ரூடியோக்காரருக்கு அதுதான் பாதி வேலை. அடையாள அட்டையிலிருந்தும் கலியாணப் படத்திலிருந்தும் ஒரு ஆளைப் பிரித்தெடுத்துப் பெரிதாக்கிக் கொடுப்பார். அட்டை பளபளக்கும் என்பதால் இரண்டு பக்கமும் சரிவாக விளக்கு வைத்து எடுப்பார், பிறகு தூரிகையால் தலைமயிரின் ஓரத்தைத் திருத்துவார், கொலர் வைப்பார். எங்கள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "மற்றப் பாதியை நான் வரைஞ்சு தரட்டோ அம்மா?" என்று கேட்டார். தாய் வேண்டாம் என்றா. "தெரியிற பாதி அவன்தானே, அது காணும்." அந்தப் பாதி முகத்தைத்தான் சட்டம் போட்டு வீட்டில் வைத்திருந்தா.

2017 இல் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரத்தில் தொடர்ந்து குந்தியிருக்கத் தொடங்கியபோது, அவர்கள் மடியில் வைத்திருந்த படங்களை உற்றுப் பார்த்தீரா? கடவுச்சீட்டு அளவிலிருந்து பெரிதாக்கியவை, பக்கத்தில் யாருடையதோ தோள் தெரிகிறவை, நிறம் வெளுத்தவை. அவற்றை எடுத்தவர்களில் ஒருவரும் போட்டியில் வென்றவர்களில்லை. 2004 மார்கழி 26க்குப் பிறகு இந்தக் கரைகளில் சனம் மணலைக் கிளறித் தேடியபோது அகப்பட்ட படங்களைக் கழுவிக் கயிற்றில் காயப்போட்டிருந்ததையும் கண்டிருக்கிறேன். படத்தில் இருந்தவர்கள் திரும்பி வரவில்லை. இந்த ஊரில் கமரா வைத்திருக்கிற ஒரு பிள்ளை, தனக்கு முன்னால் நின்ற மனிதரைக் கறுப்பு உருவமாக்கிவிட்டு வந்து "எனக்குத் திறமை இருக்கிறதா" என்று கேட்டால் எனக்கு நோகாதா?

திறமையைக் கேட்டீர். கிண்ணியாப் பாலத்துப் படம் பழுதில்லை. நீர் அனுப்பியதில் அதுதான் படம். தூண்டிலை மறந்து, கண்ணைச் சுருக்கி, "யார் பிள்ளை நீ?" என்று கேட்கிற பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்து நீர் அதைப் பழுது என்கிறீர். நான் அதைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே இதைச் செய்யும். அந்தப் படத்தை 4க்கு 6 அங்குல அளவில் இரண்டு பிரதி அச்செடும். போனில் காட்டினால் போதும் என்று நினைக்கவேண்டாம், போன் கடலுக்குள் விழும், உடையும், கடவுச்சொல் மறந்துபோகும். அச்சை அந்த ஐயாவிடம் கொண்டுபோய்க் கொடும். பெயரையும் ஊரையும் கேட்டு உம்முடைய பிரதியின் பின்னால் திகதியோடு எழுதும். போல்பொயின்ற் பேனையால் அழுத்தினால் முன்பக்கம் தடம் விழும், சிடியில் எழுதுகிற மார்க்கரால் எழுதிக் காயவிடும். முகநூலில் போடுவதானால் அவரிடமே கேளும். வேண்டாம் என்றால் போடாதேயும், அச்சை மட்டும் கொடுத்துவிட்டு வாரும்.

பிறகு அதே மாதிரிக் கரைவலைக்காரருக்கும். மடி கரையேறுகிற நேரம் போகவேண்டாம், அது மீன் பிரித்து விலை பேசுகிற நேரம், ஒருவரும் உம்மோடு கதைக்கமாட்டார்கள். வலையை உதறிக் காயவிட்டு வாடிக்குள் தேத்தண்ணி குடிக்கிற நேரம் பார்த்துப் போம். கமராவைப் பைக்குள்ளேயே வைத்திரும். முதல் நாள் பெயர்களை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தாலும் காணும்.

அன்புடன்,
ரீச்சர்