பச்சை உடம்பும் இயற்கை உணவும்: தாய்மார்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், பிள்ளை பெற்று ஓராண்டு நிறையாத தாய்மார்கள் எழுதியவை. எல்லோரும் இயற்கை உணவுக்கு மாற விரும்புகிறார்கள். எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் கடிதத்துக்குக் கடிதம் ‘நிறுத்திவிட்டேன்’ என்ற சொல்லும் கூடவே வருகிறது. அரிசியை நிறுத்திவிட்டேன், பாலை நிறுத்திவிட்டேன், மாத்திரையை நிறுத்திவிட்டேன். பால் கொடுக்கிற உடம்புக்கு முதல் ஆறு மாதம் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும். ஆகவே எதைக் கழிக்கலாம் என்று கேட்டவர்களுக்கும், எதைச் சேர்க்கலாம் என்றே பதில் சொல்லியிருக்கிறேன்.

குழந்தைக்கு 25 நாள். மாமியார் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட கருவாடு தவிர வேறெதுவும் தருவதில்லை. தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடும் என்கிறார். காய்கறி, பழம், முழுதானியம் எல்லாம் எப்போது சாப்பிடலாம்?
– அம்மாப்பேட்டை வாசகி

இன்றைக்கே சாப்பிடலாம். உங்கள் மாமியாரின் சமையலில் குறை சொல்ல அதிகம் இல்லை. பூண்டும் மிளகும் இருக்கட்டும். கருவாடு நல்ல புரதம். அவரோடு சண்டை வேண்டாம், அவருடைய பத்தியத்துக்குள் இருந்தே கேளுங்கள். அவரைப் பிஞ்சும் கத்தரிப் பிஞ்சும் நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற காய்கள்தானே? அங்கே தொடங்கினால் சுரைக்காயும் கீரையும் தானாக வந்துவிடும்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். என் முதல் பிரசவத்தில் என் அம்மாவும் அரை டம்ளர் வெந்நீர்தான் அளந்து கொடுத்தார். பத்தாம் நாள் மலச்சிக்கலில் தையல் போட்ட இடம் விண்விண்ணென்று வலித்து நான் அழுததைப் பார்த்தபிறகுதான், செம்பு நிறையத் தண்ணீர் கட்டிலருகே வந்தது. வயிறு தொங்குவதற்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு டம்ளர் தண்ணீர் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குழந்தைக்கு மூன்று மாதம். ஒரே நாளில் சமையலறையை மாற்றிவிட்டேன். வெள்ளை அரிசிக்குப் பதில் சாமை, வரகு. பொடி உப்புக்குப் பதில் இந்துப்பு. ஆனால் வயிறு உப்புசமாகவே இருக்கிறது.
– சூரமங்கலம் வாசகி

உப்புசத்துக்குக் காரணம் அந்த ‘ஒரே நாள்’தான். நார்ச்சத்து திடீரென்று பல மடங்கு ஏறினால் குடல் தடுமாறும். வாரத்தில் இரண்டு வேளை சாமைச் சோறு, மற்ற வேளைகளில் வழக்கமான சாதம் என்று தொடங்குங்கள். சாமையைச் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாகக் குழைய வேகவிடுங்கள். நம் ஊரில் ராகிக் களியும் கம்மஞ்சோறும் பாட்டிமார்களின் அன்றாடச் சாப்பாடு. செவ்வாய்ப்பேட்டை மளிகைக் கடைகளில் இந்தத் தானியங்கள் எல்லாம் சில்லறையாகவே கிடைக்கும். பளபளப்பான பாக்கெட்டில் விலை கூட்டி விற்பதைத் தேடிப் போக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படவைத்தது இந்துப்புதான். அதில் தேவையான அளவு அயோடின் இல்லை. பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். உங்கள் பாலில் இருக்கிற அயோடினைக் கொண்டுதான் குழந்தையின் தைராய்டு வேலை செய்கிறது, மூளை வளர்கிறது. இந்தக் குறை கண்ணுக்குத் தெரியாது. குழந்தை சிரிக்கும், எடை கூடும், எல்லாம் சரியாகவே இருப்பதுபோல் தோன்றும். தயவுசெய்து அயோடின் கலந்த உப்புக்கு இன்றே திரும்புங்கள். பொடி உப்பு பிடிக்காது என்றால் கல்லுப்பிலேயே அயோடின் சேர்த்தது கிடைக்கிறது. பாக்கெட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கி, மூடிய ஜாடியில் வையுங்கள்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் குடிவந்தோம். பிரஷர் குக்கரை ஒதுக்கிவிட்டு மண்சட்டியில் சமைக்கிறேன். துவரம்பருப்பு எவ்வளவு நேரமானாலும் நறுக்கென்றே நிற்கிறது. பருப்பில் கோளாறா, சட்டியில் கோளாறா?
– ஏற்காடு வாசகி

இரண்டிலும் இல்லை, மலையில் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டீர்கள். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும், தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கீழே ஏறத்தாழ 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் உங்கள் வீட்டில் 95 டிகிரியிலேயே தளதளக்கிறது. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேல் சூடு ஏறாது, ஆவிதான் போகும். குக்கர் அழுத்தத்தைக் கூட்டுவதால் அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது. பருப்பையும் பயறையும் குக்கரிலேயே வேகவையுங்கள், அதில் இயற்கைக்கு விரோதமாக ஒன்றும் இல்லை. குழம்பு, கீரைக்கு மண்சட்டி இருக்கட்டும். மண்சட்டியில்தான் பருப்பு என்றால் முந்தின இரவே ஊறவைத்து, புளியும் தக்காளியும் பருப்பு மசிந்தபிறகு சேருங்கள். புளிப்பு முதலில் விழுந்தால் பருப்பு இன்னும் இறுகும்.

இன்னொன்று. உங்கள் மலையில் விளைகிற பட்டர் ஃப்ரூட்டை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கும் நல்லது, ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கும் மசித்துக் கொடுக்கலாம்.

தெருவில் கழுதைப்பால் விற்றுக்கொண்டு வருகிறார்கள். ஒரு சங்கு கொடுத்தால் குழந்தைக்கு நோயே வராது என்கிறார் பாட்டி. நாக்கில் தேன் தடவலாமா? வசம்பு உரசிக் கொடுக்கலாமா?
– கொண்டலாம்பட்டி வாசகி

மூன்றும் கூடாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். கழுதைப்பாலைக் காய்ச்சாமல் அப்படியே புகட்டுகிறார்கள். அதிலுள்ள கிருமி நேரே பிஞ்சு வயிற்றுக்குப் போகிறது. தேனில் போட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பெரியவர்கள் வயிற்றில் அவை முளைப்பதில்லை, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தளர்த்திவிடும். மலைத்தேன், சுத்தத் தேன் என்பதாலெல்லாம் இது மாறாது. வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் உண்டு.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுகிறார்களா? அதையும் நிறுத்துங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வந்த குழந்தைகள் உண்டு. பாட்டிக்குக் கொடுக்க வேறு வேலைகள் நிறைய இருக்கின்றன. அவர் மடியும் தாலாட்டும் வேறு யாரிடம் கிடைக்கும்?

ஆறு மாதம் முடிகிறது. முதல் உணவாக ஜவ்வரிசிக் கஞ்சி கொடுக்கலாமா? நம் ஊர்ப் பொருள்தானே.
– தாதகாப்பட்டி வாசகி

நம் ஊர்ப் பொருள்தான். சேலத்து ஜவ்வரிசிக்கென்றே 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஆனாலும் குழந்தையின் அன்றாட உணவாக வேண்டாம். மரவள்ளிக் கிழங்கின் மாவுச்சத்து மட்டும்தான் அது. 100 கிராமில் ஒரு கிராம் புரதம்கூடத் தேறாது. வயிறு நிரம்பும், குழந்தை தூங்கும், வளர்ச்சிக்கு வேண்டியது கிடைக்காது.

ராகி கொடுங்கள். 100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. அதே அளவு அரிசியில் 10 மில்லிகிராமுக்கும் குறைவு. ராகியைக் களைந்து ஓர் இரவு ஊறவைத்து, ஈரத்துணியில் மூட்டை கட்டித் தொங்கவிடுங்கள். மறுநாளோ அதற்கு மறுநாளோ பிரித்தால் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். மூட்டைக்குள் கைவிட்டால் இளஞ்சூடாக இருக்கும், பச்சைப்புல் வாசனை வரும். புளித்த வாடை வந்தாலோ, கையில் பிசுபிசுத்தாலோ கொட்டிவிடுங்கள். முளைத்ததை உலர்த்தி, லேசாக வறுத்து, அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். முளைகட்டுவதால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் பைட்டேட் குறைகிறது. முதலில் இரண்டு மூன்று தேக்கரண்டி, கரண்டியிலிருந்து வழுக்கி விழும் பதத்தில், ஒரு சொட்டு நெய்யோடு. உப்பும் சர்க்கரையும் ஒரு வயது வரை வேண்டாம். பதினெட்டு சாமான் போட்ட சத்துமாவை எடுத்தவுடன் கொடுக்காதீர்கள். ஒவ்வாமை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது.

எந்த வெல்லம் நல்ல வெல்லம்?
– ஓமலூர் வாசகி

பளிச்சென்று மஞ்சளாக இருப்பதை விட்டுவிட்டு, மங்கலான பழுப்பு நிறத்தில் இருப்பதை எடுங்கள். கரும்புச் சாறு காய்ச்சினால் கருக்கத்தான் செய்யும். வெளுப்பாக இருந்தால் ஹைட்ரோஸ் என்ற ரசாயனத்தைப் போட்டு வெளுத்திருப்பார்கள். நீங்கள் இருப்பது ஆலைகளுக்குப் பக்கத்தில். நேரில் போய்க் காய்ச்சுவதைப் பார்த்தே வாங்கலாம். ஆனால் அளவு முக்கியம். கலோரிக் கணக்கில் வெல்லத்துக்கும் சர்க்கரைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

சேர்வராயன் மலைக் காப்பி இல்லாமல் எனக்கு விடியாது. பால் கொடுக்கும்போது குடிக்கலாமா?
– அஸ்தம்பட்டி வாசகி

இரண்டு டம்ளர் குடிக்கலாம். குழந்தை தூங்காமல் சிணுங்கினால் ஒன்றாகக் குறையுங்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், இரும்புச்சத்து வீணாகும்.

டயப்பரை விட்டுவிட்டு பழைய நூல்சேலைத் துணிக்கு மாறினேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் துவைத்தால் போதுமா?
– ஆத்தூர் வாசகி

போதும். நன்றாக அலசி, நேர்வெயிலில் மொறுமொறுவெனக் காயவையுங்கள். மழைநாளில் கொதிநீரில் முக்கி எடுத்து, இஸ்திரி போட்டபின் கட்டுங்கள்.

பாலும் முட்டையும் விட்டாயிற்று. இரும்புச்சத்து மாத்திரையையும் நிறுத்திவிட்டு முருங்கைக்கீரை சாப்பிடுகிறேன். இயற்கையாகக் கிடைப்பது போதாதா?
– குழந்தைக்கு நான்கு மாதம், மேட்டூர் வாசகி

போதாது. 100 கிராம் முருங்கைக்கீரையில் இரும்புச்சத்து நான்கைந்து மில்லிகிராம்தான். அதிலும் உடம்பில் சேர்வது சிறு பங்கு. பிரசவத்தில் இழந்த இரத்தத்தை அதைக் கொண்டு ஈடுகட்ட முடியாது. அதனால்தான் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினம் ஒரு மாத்திரை, 60 மில்லிகிராம் இரும்பு, என்று அரசுத் திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். மலம் கறுத்தால் பயப்படாதீர்கள், வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையும் சாப்பிடுங்கள், மேலே எலுமிச்சை பிழிந்து.

பால், முட்டை, மீன் எதுவுமே இல்லையென்றால் பி12 சத்துக்குத் தாவர உணவில் நம்பகமான வழி கிடையாது. தாய்க்கு அது குறைந்தால் தாய்ப்பாலிலும் குறையும். குழந்தை மந்தமாகி, கற்றுக்கொண்ட அசைவுகளைக்கூட மறக்கத் தொடங்கும். இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபினும் பி12 அளவும் சோதிக்கச் சொல்லுங்கள், குழந்தையையும் கூட்டிப் போங்கள். அதுவரை தயிராவது ஒரு கிண்ணம் சேர்த்துக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று யோசியுங்கள்.