ஒண்ணுமில்லை என்கிற ரோசனை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். ஊத்துக்குளிக்கு அருகில் ஒரு கிராமத்திலிருந்து தினமும் கம்பெனி வண்டியில் திருப்பூருக்குச் சென்று பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். வயது 44. கைகள் பிசிறு வெட்டிக்கொண்டிருக்கும். மனம் ஓரிடத்தில் நிற்காது. சிலிண்டரை மூடினேனா என்று நினைப்பேன். அதற்குள் பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு 500 மொய் வைப்பதா, 1000 வைப்பதா என்று கணக்கு ஓடும். பத்து வருடங்களுக்கு முன் நாத்தனார் சபையில் சொன்ன ஒரு சொல் சுருக்கென்று குத்தும். பிறகு காரணமே இல்லாமல், காலமாகிவிட்ட என் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிய கைகள் கண்முன் வரும். ஞாயிற்றுக்கிழமை தியான வகுப்பில் இவையெல்லாம் மனக்குப்பை, வெளியே தள்ளுங்கள் என்கிறார்கள். தள்ளத் தள்ள அதிகமாகத்தான் வருகின்றன. மகள் 'என்னம்மா யோசனை?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லை' என்றுதான் வாயில் வருகிறது. எனக்கு ஏதாவது கோளாறா, அல்லது எல்லோருக்கும் இப்படித்தானா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)

*

அன்புள்ள சகோதரி அவர்களுக்கு,

எல்லோருக்கும் இப்படித்தான். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்னும் இரு உளவியலாளர்கள், 2,250 பேரின் கைப்பேசிகளுக்கு நாளின் வெவ்வேறு வேளைகளில் கேள்வி அனுப்பி, 'இந்த நொடியில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனம் அதில்தான் இருக்கிறதா?' என்று விசாரித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வந்த பதில்களில் 46.9 சதவீதம், மனம் வேறெங்கோ இருப்பதாகச் சொன்னவை. அதாவது, விழித்திருக்கும் பொழுதில் ஏறக்குறைய பாதியை மனிதர்கள் உங்களைப் போலத்தான் கழிக்கிறார்கள். உங்கள் மேசைக்கு எதிரே நின்று பீஸ் பார்க்கும் பெண்ணும், உங்களை மேற்பார்வை செய்பவரும்கூட அப்படித்தான்.

நம் பக்கத்தில் யாராவது பேசாமல் உட்கார்ந்திருந்தால் 'என்ன ரோசனைங்க?' என்றுதான் கேட்பார்கள். சும்மா இருக்கும் மனிதருக்குள் ஏதோ ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை அந்தக் கேள்வி அறிந்திருக்கிறது. மூளை ஆய்வாளர்களுக்கு இது புரியச் சற்றுக் காலம் பிடித்தது. நம் உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவிடும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. ஒரு கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னால் அந்தச் செலவு மிகச் சிறிதளவே கூடுகிறது. சும்மா படுத்திருக்கும்போதோ, மூளையின் குறிப்பிட்ட சில பகுதிகள், நாம் ஒரு வேலையில் ஈடுபட்டிருக்கும்போது இருப்பதைவிடச் சுறுசுறுப்பாக இருக்கின்றன என்பதை மார்கஸ் ரெய்க்கில் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும் 2001இல் எழுதினார்கள். நடந்ததை நினைவுகூர்வதும், நடக்கப்போவதை எண்ணிப்பார்ப்பதும், அடுத்தவர் மனதில் என்ன இருக்கும் என்று கணிப்பதும் அந்தப் பகுதிகளோடு சேர்ந்த வேலைகள். உங்கள் கடிதத்தை மறுபடி படித்துப் பாருங்கள். சிலிண்டர், மொய், நாத்தனார், அம்மா என்று நீங்கள் எழுதிய நான்கும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகின்றன.

ஆகவே 'குப்பை' என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. தியானத்தின் மீது எனக்கு மதிப்பு உண்டு. உங்கள் ஆசிரியர் நல்ல எண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் நாள் முழுவதும் நின்றுகொண்டு வேலை செய்துவிட்டு வரும் ஒரு பெண்ணிடம், அவர் மனதில் இருக்கும் குடும்பமும் பொறுப்பும் துக்கமும் குப்பை என்று சொல்லலாகாது. அப்படியே குப்பை என்றாலும், நம் ஊரில் அதைக் குழியில் சேர்த்து மக்கவைத்து, வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கு ஓட்டுகிற வழக்கம்தானே இருக்கிறது.

எங்கள் அப்பிச்சியின், அதாவது அம்மாவின் அப்பாவின், தோட்டம் காங்கேயம் பக்கம். மோட்டார் வைப்பதற்கு முன் அங்கே கவலை பூட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். எருதுகள் இரண்டும் வாரியின் சரிவில் இறங்க, தோல்பறி நிறைந்து மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். பிறகு எருதுகள் திரும்பாமல் பின்னடியாகவே மேடேறி வர, பறி மறுபடியும் கிணற்றுக்குள் இறங்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போது பாரத்துக்காக அப்பிச்சி வடத்தின் மேல் உட்கார்ந்துகொள்வார். சில நாட்கள் என்னையும் தூக்கித் தமக்கு முன்னால் உட்காரவைப்பார். நனைந்த தோலின் வாடையும், உருளையின் கிறீச்சொலியும், உட்காருமிடத்தில் வடத்தின் முறுக்கு உறுத்துவதும் எனக்கு இன்றும் நினைவிருக்கின்றன. விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை ஒரே போக்கும் வரவும்தான். கைக்கும் காலுக்கும் பழகிப்போன வேலை என்பதால், அப்பிச்சி வாய்விட்டே தமக்குள் பேசிக்கொண்டு ஓட்டுவார். வண்டிக்கு அச்சு மாற்ற வேண்டும் என்பார். நோம்பிக்குப் பெரிய மகளை அழைக்க யாரை அனுப்புவது என்பார். திடீரென்று யாரோ ஒருவரிடம், 'அன்னைக்கு நீ அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது' என்பார். எதிரே எருதுகளைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள். பிசிறு வெட்டும் உங்கள் கைகளைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த வாரிதான் நினைவுக்கு வந்தது.

அந்த இறைப்புக்கும் மனத்துயருக்கும் நம்மிடம் ஒரே சொல் இருக்கிறது. சங்கப் பாடல்களில் கவலை என்றால் பாதைகள் பிரியும் இடம் என்றும் பொருள். கவலை இறைப்பைக் கபிலை என்றும் சொல்வதால், இவை வெவ்வேறு வழியில் வந்து ஒரே ஒலியில் சேர்ந்த சொற்களாகவும் இருக்கலாம். நான் வேர்ச்சொல் விளக்கம் சொல்ல வரவில்லை. உங்கள் நிலையைப் பிரித்துப் பார்க்க இந்தச் சொல் எனக்கு உதவுகிறது. தூரத்தில் நின்று பார்ப்பவருக்கு எருதுகள் வீணாகப் போவதும் வருவதுமாகத்தான் தெரியும். வாய்க்காலில் தண்ணீர் வந்ததா என்று பார்த்தால்தான் பறி நிறைந்து வந்ததா, வெறும்பறியா என்று தெரியும்.

சிலிண்டரும் மொய்யும் நிறைபறிகள். செய்து முடிக்காத வேலையை மனம் கைவிடுவதில்லை. புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் பெர்லினில் நடத்தி 1927இல் வெளியிட்ட சோதனையில், சிறுசிறு வேலைகள் பலவற்றைக் கொடுத்து, அவற்றில் பாதியை நடுவிலேயே நிறுத்தச் செய்து, பிறகு எவையெவை நினைவிருக்கின்றன என்று கேட்டார். முடித்தவற்றைவிடப் பாதியில் நின்றவையே அதிகம் நினைவில் இருந்தன. பின்னால் அதைச் செய்துபார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை என்றாலும், பாதியில் நின்ற வேலை மனதை வந்து தட்டும் என்பது நாம் அன்றாடம் காண்பதுதான். 2011இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்னும் உளவியலாளர்கள் இருவர் இன்னொன்றைக் கண்டார்கள். அந்த வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை. எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாக முடிவு செய்துவிட்டாலே மனம் அதை விடாமல் தட்டுவது குறைந்துவிடுகிறது.

எனவே மொய்யைப் பற்றி மேசையில் நின்றபடி முடிவெடுக்க முயல வேண்டாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மொய் நோட்டை எடுத்து, உங்கள் வீட்டு விசேஷத்துக்கு அவர்கள் என்ன எழுதினார்கள் என்று பார்த்து, வீட்டுக்காரரோடு பேசிக்கொள்வது என்று நேரம் குறித்துவிடுங்கள். மொய் என்பது வெறும் பணமல்ல. யார் யாருக்கு எவ்வளவு வேண்டியவர் என்று இரண்டு தலைமுறையாக எழுதிவரும் கணக்கு. அதை மனம் சுமந்துகொண்டு திரிவது சின்னத்தனம் ஆகாது. சிலிண்டருக்கு வழி இன்னும் எளிது. பழக்கத்தில் கை தானாகச் செய்த காரியம் நினைவில் பதிவதில்லை. மூடும்போது அதன் மேல் கை வைத்து 'மூடிவிட்டேன்' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

தள்ளத் தள்ள வருகிறது என்றீர்களே, அதற்கும் காரணம் உண்டு. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்றும், நினைத்துவிட்டால் மணியை அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அதைவிட முக்கியமாக, பிறகு அவர்களை விருப்பம்போல் நினைக்கவிட்டபோது, தொடக்கத்திலேயே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட இவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது. ஒன்றை விரட்ட வேண்டுமானால் அது வந்துவிட்டதா என்று மனம் ஓயாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் தவறு இல்லை. கொடுக்கப்பட்ட வேலை அப்படிப்பட்டது.

நாத்தனாரின் சொல் மட்டும் வேறு வகை. பத்து வருடங்களாக அதே பறி இறங்கி, வெறுமையாகவே மேலே வருகிறது. கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் கண்டதில் இன்னொரு பாதியும் உண்டு: மனம் அலையும்போது, அதிலும் கசப்பானதை நோக்கி அலையும்போது, மனிதர்கள் மகிழ்ச்சி குன்றியிருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு நீங்கள் அன்று சொல்லாமல் விட்ட பதில் ஒன்று உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன். அதை ஒரு தாளில் முழுவதும் எழுதிப் பாருங்கள்; அவரிடம் கொடுப்பதும் கிழித்துப் போடுவதும் பிறகு நீங்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன். சிலிண்டரைப் பார்ப்பதற்காக வண்டியிலிருந்து இறங்கித் திரும்பத் திரும்ப வீட்டுக்கு ஓட வேண்டியிருந்தாலோ, வாரக்கணக்கில் தூக்கம் போனாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப் பார்த்தாலோ, தயங்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் அம்மாவின் கைகள். அவற்றுக்கு நேரம் குறிக்கவும் வேண்டாம், முடிவு தேடவும் வேண்டாம். செக்கிங் மேசையில் ஒரு பீஸைத் திருப்பிப் போடும்போது உங்கள் விரல்கள் செய்யும் ஏதோ ஒரு அசைவு, கீரை உருவிய விரல்களை அழைத்து வந்திருக்கலாம். வந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்த முறை மகள் 'என்னம்மா யோசனை?' என்று கேட்டால், அம்மிச்சி எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருப்பார், காம்பை எந்த விரலால் கிள்ளுவார், உருவிய கீரையை முறத்தில் போட்டாரா மடியில் போட்டாரா என்று அவளுக்குச் சொல்லுங்கள்.

அன்புடன்.